தலையோடு ஒரு படம்

கட்டில் மேல் ஏறி நின்று, மின்விசிறியில் தலை இடித்துவிடாமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, இன்ஷிராஹ் கைபேசியைக் கீழ்நோக்கிப் பிடித்தாள். ரோஜாப்பூப் போட்ட விரிப்பின் மேல் அவள் தைத்த அங்கி இரண்டு கைகளையும் பரப்பிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. கறுந்திராட்சை நிறம். மூன்று நாள் வேலை. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு பட்டை வெட்டி இணைத்திருந்தாள். அகலமான பெண் ஒருத்தி உடுத்தி நடந்தால் துணி உடம்பை இறுக்கிப் பிடிக்காது, கூடாரம்போலத் தொங்கவும் செய்யாது, கூடவே நடந்து வரும். அந்தப் பட்டையைப் பற்றி அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. ஆனால் படத்தில் பட்டையும் இல்லை, நடையும் இல்லை. ரோஜாப்பூக்களுக்கு நடுவில் யாரோ தக்காளி விழுதைக் கொட்டிவிட்டு, பாதி வழித்துவிட்டுப் போனதுபோல ஒரு சிவப்புத் திட்டுதான் இருந்தது.

இருந்தாலும் தன் முகநூல் பக்கத்தில் போட்டாள். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருத்தி, "இந்த சோஃபா உறை எத்தனை பேர் உட்காருகிற சோஃபாவுக்கு?" என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாக வைத்திருந்தாள். மூன்றாவது ஆள் இன்ஷிராஹின் சொந்தச் சித்தி மகள். "மாஷா அல்லாஹ்! படுக்கை விரிப்பு ரொம்ப அழகு, எங்கே வாங்கினாய்?" என்று விசாரித்திருந்தாள்.

எகிப்தின் மஹல்லா நகரத்தில் ஒரு சட்டை ஆலையில் பதினாறு வருடம் காலர் வரிசையில் உட்கார்ந்தவள் இன்ஷிராஹ். அந்த வரிசையை மூடியபோது கையில் கொடுத்த பணத்தைக் கொண்டு ஒரு பழைய தையல் இயந்திரமும், ஓரம் அடிக்கிற இயந்திரம் ஒன்றும், கொஞ்சம் துணியும் வாங்கிப் போட்டாள். என்ன தைப்பது என்பதைப் பற்றி அவளுக்குக் குழப்பமே இருக்கவில்லை. அதற்கு முந்தின வருடம்தான் அவள் கணவன் ஸப்ரியின் தங்கை தஹானி, விவாகரத்து வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு பையோடு இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். உயரமானவள், தோளும் இடுப்பும் அதற்கேற்ற அகலம். பையில் இரண்டு கறுப்பு அபாயாக்கள் மட்டும் இருந்தன. அவளுக்கு ஏதாவது வாங்கலாம் என்று கடைத்தெருவுக்கு அழைத்துப் போனால், ஒவ்வொரு கடையிலும் பையன்கள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொரு கறுப்பு அபாயாவையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறாவது கடையில் தஹானி, "வா அண்ணி, வீட்டுக்குப் போலாம். கறுப்புல துக்கம் காக்க எனக்கு இன்னும் யாரும் சாகல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்று இரவே இன்ஷிராஹ் அவளுக்கு அளவெடுத்தாள். ஆலையில் ஒரு காலர் கழுத்தில் உட்கார எவ்வளவு யோசிப்பார்களோ அவ்வளவு யோசித்து ஒரு நீல அங்கி வெட்டினாள். தஹானி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் அதைக் கழற்றவில்லை.

ஆக, தைப்பது பெரிய உடம்புக்காரப் பெண்களுக்கு என்று முடிவாயிற்று. தைத்தாகியும் விட்டது, ஏழு அங்கிகள். ஏழும் அலமாரியில் தொங்கின. பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த ஒருவர், மாதப் பிறப்பிலிருந்து காலர் தைக்க வருகிறாயா என்று இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். பதில் சொல்ல இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கட்டிலை விட்டுவிட்டு, மூடிக் கிடந்த ஒரு துணிக்கடையிலிருந்து பொம்மை ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். அதன் இடுப்பு இன்ஷிராஹின் தொடை அளவுகூட இல்லை. அங்கியை மாட்டினால் கொம்பில் ஈரத்துண்டைப் போட்டதுபோல இருந்தது. உள்ளே இரண்டு தலையணைகளைத் திணித்துக் கட்டினாள். ஒரு தலையணை நழுவி முன்பக்கமாக வந்து நின்றது. பயணிகளை ஏற்றும் மைக்ரோபஸ் ஓட்டிவிட்டு வந்த ஸப்ரி, சாவியை ஆணியில் மாட்டத் திரும்பியவன், கூடத்து அரையிருட்டில் அதைப் பார்த்துத் துள்ளி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று மரியாதையாகச் சொன்னான். பிறகு விஷயம் புரிந்ததும், "யாரு இந்தம்மா? எத்தனாவது மாசம்?" என்றான். தஹானி சிரித்துச் சிரித்துச் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்ஷிராஹுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தந்தா நகரத்தில் இருக்கும் ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் ஒரு துணிக்கு இவ்வளவு, மாடலுக்குத் தனியாக இவ்வளவு என்று மளமளவென்று சொன்னாள். ஏழு அங்கிகளையும் விற்றால்கூட அது வராது. போகட்டும் என்று, "உங்க மாடல் என்ன சைஸ்?" என்று கேட்டாள்.

"முப்பத்தெட்டு மேடம்."

"நான் தைக்கிறது பெரிய உடம்புக்கும்மா."

"அது ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். பின்னாடி கிளிப் போட்டு இழுத்துப் பிடிச்சிருவோம், படத்துல தெரியாது. குண்டா இருக்கறவங்களும் ஒல்லியப் பாத்துத்தானே வாங்குவாங்க."

இன்ஷிராஹ் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். பின்னால் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பதா? பக்கத்துப் பட்டையை நாலு தரம் பிரித்துத் தைத்தது எதற்காக? சமையலறைக்குப் போய், முட்டைக்கோஸ் இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்த தஹானியின் எதிரில் உட்கார்ந்து, அந்தப் பெண் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். தஹானி ஒரு சுருளை முடித்துப் பாத்திரத்தில் அடுக்கிவிட்டு, கையைத் துடைக்காமலே சொன்னாள்.

"நான் போட்டுக்கறேன்."

"எதை?"

"டிரஸ்ஸைத்தான். ஏழையும். நீ எடு." பிறகு அரிசி ஒட்டிய விரலால் தன் கழுத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். "ஆனா இதுக்கு மேல வேண்டாம். தலை வரக்கூடாது."

எங்கே எடுப்பது என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்குள் குழல்விளக்கு. அதன் கீழே கருநீலமும் கறுப்பும் ஒன்று, திராட்சை நிறம் மட்டும் இரத்தச் சிவப்பு. அதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் இன்ஷிராஹுக்கு ஆலையில் சாயம் பார்க்கிற கிழவர் நினைவுக்கு வந்தார். புதுச் சுருள் துணி வந்தால் அவர் விளக்கடியில் பார்க்கவே மாட்டார். ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வடக்குப் பக்கத்து ஜன்னலுக்கு நடப்பார். நூறடி தூரம், நடந்தே தீருவார். வெயில் நேராக விழாத வெளிச்சம்தான் துணியைப் பற்றிப் பொய் சொல்லாது. பதினாறு வருடம் தினமும் பார்த்த காட்சி, இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை? மொட்டை மாடியில் காலை எட்டு மணிக்கு, பக்கத்துக் கட்டடத்தைத் தாண்டிச் சூரியன் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், அதே மாதிரி ஒரு வெளிச்சம் முக்கால் மணி நேரம் நிற்கும். துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அதில்தான் சட்டையில் எந்தக் கறை போகவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிகளும், துருப்பிடித்த டிஷ்களும், கால் உடைந்த நாற்காலிகளும் போக, புறாக் கூண்டுக்குப் பக்கத்தில் ஆறடிச் சுவர் ஒன்று காலியாக இருந்தது. தஹானி அதற்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தாள். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையைப் பிரித்து, மக்ரோனா பாஸ்தாத் தட்டை மூடுகிற அலுமினியத் தாளை அதில் ஒட்டி நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். நிழல் விழுந்த பக்கத்தில் அது மெல்லிய வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. கைபேசியை ஏணியின் மூன்றாவது படியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். அங்கிகளைக் கீழே இஸ்திரி போட்டு, மடிப்பு விழாமல் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மணப்பெண்ணைக் கொண்டுபோவதுபோல நான்கு மாடி ஏற்றினாள் இன்ஷிராஹ். எல்லாம் சரியாக இருந்தும் முதல் படம் புகை மூட்டத்தில் எடுத்ததுபோல வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். தஹானி அருகில் வந்து கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி, கடைசியா எப்போ இந்தக் கண்ணாடியத் துடைச்சே?"

"எந்தக் கண்ணாடி?"

தஹானி முக்காட்டு நுனியால் கேமராவின் சின்ன வட்டத்தை அழுத்தித் துடைத்துக் காட்டினாள். நுனியில் மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கு. சமையல் மேடையில் வைத்துச் சமைத்தபடியே பேசிப் பேசி, ஃபலாஃபல் வடை பொரித்த எண்ணெய் ஒரு வருடமாக அதில் ஏறியிருக்கிறது. "நீ துணியப் படம் எடுக்கல. பொரியல் வழியா எடுத்திருக்கே" என்றாள்.

அதற்குப் பிறகு எடுத்த படத்தை இருவரும் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கறுந்திராட்சை கறுந்திராட்சையாகவே இருந்தது. பக்கத்துப் பட்டை இடுப்பிலிருந்து கணுக்கால்வரை வழுக்கி இறங்கியது தெரிந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால், கழுத்துவரை மட்டுமே உள்ள ஒரு பெண், துணிக்குள் அடைபடாமல் துணியை உடுத்திக்கொண்டு நின்றாள். இன்ஷிராஹ் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் எடுத்தாள். முன்பு ஒருதரம் துணி வாங்கி ஏமாந்தவள் முதலில் உள்ளேதான் புரட்டிப் பார்ப்பாள் என்று சொல்லி, உட்புறத் தையலைத் திருப்பிப் போட்டுக் கிட்டத்தில் ஒன்று எடுத்தாள். புறாக்கள் கூண்டுக்குள் குனுகிக்கொண்டே இருந்தன.

படங்களைப் பக்கத்தில் போட்டதும், முதல் அங்கி தமன்ஹூர் என்ற ஊருக்குப் போயிற்று. அடுத்து இரண்டு மன்ஸூராவுக்கு. மாதம் பிறப்பதற்குள் ஏழும் போய், பதினொரு பேர் காத்திருந்தார்கள். பட்டறைக்காரர் மூன்றாவது தரம் ஆள் அனுப்பியபோது, "எனக்கே ஆள் தேவைப்படும் போல இருக்கு, உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியதும் தன் வாயா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

குளிர்காலம் தொடங்கிய ஒரு நாள், ஃபையூமிலிருந்து யாரோ ஒரு பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். கத்தினாள் என்பதே சரி. "படத்துல என்ன காட்டினே, எனக்கு என்ன அனுப்பினே? அரிசி மூட்டைக்குக் கை வச்சுத் தச்ச மாதிரி இருக்கு. போட்டா உடம்பெல்லாம் அரிக்குது. அல்லாஹ் உன்னைக் கேக்கட்டும்." இன்ஷிராஹ் தன் நோட்டைப் புரட்டினாள். ஃபையூமுக்கு அவள் ஒன்றுகூட அனுப்பியதில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று பொறுமையாகக் கேட்டதற்கு அந்தப் பெண் ஒரு முகவரியை அனுப்பினாள். திறந்தால் கெய்ரோவில் யாரோ நடத்துகிற ஒரு பக்கம். மேலிருந்து கீழ்வரை அவளுடைய படங்கள். சுண்ணாம்புச் சுவர், பக்கத்துப் பட்டை, திருப்பிப் போட்ட உட்புறத் தையல், தஹானியின் கை, தஹானியின் தோள். ஒன்றில் புறாக் கூண்டின் கம்பி வலைகூட ஓரத்தில் தெரிந்தது. பதினான்கு படங்கள், பாதி விலை.

எழுதினாள். இவை என் படங்கள், எடுத்துவிடுங்கள் என்றாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதியபோது அந்தப் பக்கமே அவள் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்துவிட்டார்கள். தஹானியின் போனில் பார்த்தபோது, அங்கே பெண்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மஹல்லாக்காரிதான் கெய்ரோக்காரரிடமிருந்து திருடினாள் என்று பாதிப் பேர். ஒருத்தி எழுதியிருந்தாள்: "தலையில்லாத உடம்புதானே, யாருடையது என்று யார் கண்டார்கள்?"

தஹானி சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து பதினான்கு படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். "இது என் கை" என்றாள் ஒன்றில். "இது நான் அன்னிக்குக் கால் வலிக்குதுன்னு சாஞ்சு நின்னது." எல்லாம் பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். "என்னைப் பாதி விலைக்குப் போட்டிருக்கான் அண்ணி. குப்பைய என் உடம்புல மாட்டி விக்கிறான்."

தன் தையலைத் திருடிவிட்டார்கள் என்றுதான் அதுவரை இன்ஷிராஹ் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஸப்ரி அவித்த மொச்சையில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தஹானி அறையிலிருந்து வெளியே வந்தாள். புதிதாகத் தைத்த பச்சை அங்கி. முக்காட்டை ஊசி குத்தி நிதானமாகக் கட்டியிருந்தாள். கண்ணுக்கு மை. கல்யாணத்துக்குப் போகிறவள்போல இருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றான் ஸப்ரி.

"மாடிக்கு. அண்ணி, இன்னிக்குத் தலையோட எடு."

இன்ஷிராஹ் கணவனின் முகத்தைப் பார்த்தாள். ஸப்ரி கெட்டவனில்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினான். "எதுக்கு தஹானி இதெல்லாம்? இது வரைக்கும் எடுத்த மாதிரியே எடுங்களேன். ஸ்டாண்டுல நூறு டிரைவர் இருக்கான், நூறு பேரும் போன் வச்சிருக்கான். நாளைக்கு ஒருத்தன் உன் படத்தக் காட்டி எதாச்சும் சொன்னா நான் என்ன பண்றது?"

"வேண்டாம் தஹானி" என்று இன்ஷிராஹும் சொன்னாள். "துணி என்னுது. அவன் கூட நான் மல்லுக்கு நிக்கிறேன். அதுக்காக நீ உன் முகத்தக் கொண்டுபோய்த் தெருவுல வைக்கணுமா?"

தஹானி அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏழு வருஷம் அந்த வீட்டுல கட்டினவன் என்னை 'பீரோ'ன்னுதான் கூப்பிட்டான். விருந்தாளி வந்தா, 'பீரோவை நகரச் சொல்லுங்க, வழி வேணும்'பான். நீ இருக்கும்போதே ஒரு தடவ சொன்னான். பெருநாளன்னிக்கு. ஞாபகம் இருக்கா? அப்போ நீ என்ன பண்ணினே?"

தோய்த்த ரொட்டி ஸப்ரியின் விரலிலிருந்து தட்டுக்குள் விழுந்தது. அவனுக்கு ஞாபகம் இருந்தது. அன்று எல்லோரும் சிரித்தார்கள், அவனும் ஓரமாகச் சிரித்து வைத்தான். அவன் எழுந்து கை கழுவினான். ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கிற்று.

மாடியில் முகத்தை என்ன செய்வதென்று தஹானிக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாள் அவள் உடம்பு தானாகவே நின்று பழகிவிட்டது. முகம் புதிது. முதல் இருபது படங்களும் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்ததுபோல வந்தன. சிரிக்கச் சொன்னால் பல் டாக்டர் விளம்பரம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தின் விளிம்பில் சூரியன் கோடு போட ஆரம்பித்துவிட்டது.

"நான் போட்டோவுக்கு ஆக மாட்டேன் அண்ணி. என் நிக்காஹ் படத்துலகூட என்னை ஓரத்துல வச்சுத்தான் எடுத்தாங்க."

இன்ஷிராஹ் ஏணியிலிருந்து கைபேசியை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். ஒன்றும் எடுக்கப் போவதில்லை என்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டே, பேச்சுவாக்கில் சொன்னாள்: "அந்த ஃபையூம்காரி என்ன சொன்னா தெரியுமா? அரிசி மூட்டைக்குக் கை வச்சுத் தச்ச மாதிரி இருக்குன்னா. நீ போட்டிருக்கற டிரஸ்ஸப் பாத்து வாங்கினவ சொல்றா."

"எது? இதையா?" தஹானியின் தாடை மேலே ஏறியது. தோள் பின்னால் போயிற்று. இரண்டு கைகளும் அங்கியின் பைகளுக்குள் இறங்கின. ஃபையூமும் கெய்ரோவும் அந்த ஏணிக்குப் பின்னால்தான் நிற்கின்றன என்பதுபோல நேராகப் பார்த்தாள்.

இன்ஷிராஹ் அமுக்கினாள். ஒரே ஒரு தரம்தான். சூரியன் கட்டடத்தைத் தாண்டிவிட்டது.

அன்று அந்தப் படத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தஹானி சிரிக்கவில்லை. அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையும் அந்த முகத்தில் இல்லை. சற்றுச் சுருங்கிய புருவம், மை தீட்டிய பெரிய கண்கள், 'என்ன இப்போ?' என்று கேட்கிற ஒரு பார்வை. அதற்குக் கீழே தோளில் ஒரு சுருக்கமும் இல்லாமல் இறங்கி, இடுப்பில் அளவாக விலகி, கணுக்காலில் வந்து நிற்கிற பச்சை. இதை நான் தைத்தேன் என்று அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆலையில் அவள் தைத்த காலர்கள் இலட்சக்கணக்கில் எங்கெங்கோ யார் யார் கழுத்திலோ இருக்கின்றன. ஒன்றுக்கும் முகம் இருந்ததில்லை.

படத்துக்குக் கீழே எழுதுவதற்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. "இவள் தஹானி. என் நாத்தனார். உயரம் நூற்றெழுபத்தாறு சென்டிமீட்டர், இடுப்பு நூற்றிருபத்திரண்டு. இந்த அங்கிகள் எல்லாமே முதலில் இவளுக்காக வெட்டியவை. மஹல்லாவில் எங்கள் மொட்டை மாடியில் எடுத்த படம். இதே அங்கியை வேறு எங்காவது பார்த்தால், தஹானி எங்கே என்று அவர்களைக் கேளுங்கள்."

கேட்டார்கள். மறுநாள் காலைக்குள் கெய்ரோப் பக்கத்தின் ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் பெண்கள் வரிசையாக வந்து, வேறு ஒரு வார்த்தையும் இல்லாமல், "தஹானி எங்கே?" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இருபது, நாற்பது, இருநூறு. தமன்ஹூர்க்காரி எழுதியிருந்தாள். திட்டிய ஃபையூம்காரியும் எழுதியிருந்தாள், இன்ஷிராஹிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. மூன்றாம் நாள் அந்தப் பதினான்கு படங்களும் அங்கிருந்து காணாமல் போயின. தஹானியின் படத்துக்கு அடியில் அசிங்கமாக எழுதினவர்களும் இல்லாமல் இல்லை. யாரோ ஒருவன், "இது அங்கியா, கப்பல் பாயா?" என்று கேட்டிருந்தான். இன்ஷிராஹ் அதை அழிக்கப் போனாள். தஹானி போனைப் பிடுங்கி, "பாய்தான். கப்பல் நான். உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று எழுதிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்தப் பதிலுக்கு மட்டும் ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

ஸப்ரி மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாப்பிட்டான், வீட்டுச் செலவு பற்றிக் கேட்டான், தூங்கினான். தங்கையிடம் உப்பைத் தரச் சொல்லிக் கேட்டான். அவ்வளவுதான். ஸ்டாண்டில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று இன்ஷிராஹுக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது பொட்டலங்கள் தந்தாவில் இருக்கிற கூரியர் கடைக்குப் போக வேண்டியிருந்தது. ஸப்ரியின் வண்டி மஹல்லாவுக்கும் தந்தாவுக்கும் இடையில் ஓடுவது. பொட்டலங்களைப் பெரிய பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மதியம் அவளே ஸ்டாண்டுக்குப் போனாள். அவன் வண்டியின் பின்பக்கமாக வந்தவள், முன்னால் பேச்சுக் குரல் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். டிரைவர்கள் வண்டியின் மூக்கருகே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஷவ்கியின் குரல். அந்த ஸ்டாண்டிலேயே நீளமான நாக்கு அவனுக்குத்தான்.

"ஸப்ரி அண்ணே, இங்க பாரு. இது உன் தங்கச்சி இல்ல?"

டீக் கிளாசில் கரண்டி கலக்குகிற சத்தம் நின்றது. இன்ஷிராஹ் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றான் ஸப்ரி. "என் தங்கச்சி. தஹானி."

"இல்ல, முகமெல்லாம் தெரியுதே, அதான் கேட்டேன்..."

"தெரியட்டும்னுதான் எடுத்திருக்கு. நல்லாப் பாரு. அப்படி இல்லடா, விரல வச்சுப் பெருசாக்கிப் பாரு. அந்தப் பக்கத்துல ஒரு பட்டை இறங்குது பாத்தியா? ஒரு சுருக்கம் காட்டு பாப்போம். அது என் வீட்டுக்காரி தச்சது. உன் வீட்டுல வேணும்னா இப்பவே சொல்லிவை. இருபது நாள் ஆகும். தெரிஞ்சவன்னு முன்னாடியெல்லாம் குடுக்க மாட்டாங்க."

"அட, நான் என்ன இப்போ தப்பாவா சொன்னேன்?" என்றான் ஷவ்கி. யாரோ சிரித்தார்கள். கரண்டி மறுபடி கலக்க ஆரம்பித்தது.

இன்ஷிராஹ் வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பின்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, அது ஒழுங்குக்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு இப்போதுதான் வந்தவள்போல முன்னால் போனாள்.

"வந்துட்டியா?" என்றான் ஸப்ரி. காதின் நுனி சிவந்திருந்தது. "எத்தனை?"

"ஒன்பது."

சாமான்கள் எப்போதும் கடைசி இருக்கைக்கு அடியில், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில்தான் போகும். ஸப்ரி பையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போகவில்லை. முன்கதவைத் திறந்து, தன் கையால் ஒருதரம் இருக்கையைத் துடைத்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து அங்கே அடுக்கினான். சாயாமல் நிற்க ஓரத்தில் தன் குளிர்ச் சட்டையைச் சுருட்டி வைத்தான். அதற்குள் வண்டி நிறைய ஆரம்பித்துவிட்டது. நல்ல பருமனான பெரியவர் ஒருவர், கம்பளிச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து முன்கதவின் பிடியில் கை வைத்தார்.

"பின்னாடி ஏறிக்குங்க ஹாஜியாரே" என்றான் ஸப்ரி.

"ஏம்ப்பா, முன்னாடி காலியாத்தானே இருக்கு? பொட்டலத்தத் தூக்கி மடியில வச்சுக்கறேன்."

"காலியா இல்ல ஹாஜியாரே. ஆள் இருக்கு."

பெரியவர் இருக்கையைப் பார்த்தார், ஸப்ரியைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார். வண்டி இரண்டு தரம் உறுமிவிட்டு நகர்ந்தது. இன்ஷிராஹ் காலிப் பையை மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டைவிட்டு வெளியே வந்து தந்தா சாலைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு மேடு உண்டு. அங்கே ஸப்ரி வண்டியை மெதுவாக்கினான். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, மறுகையை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொட்டலங்கள் முன்னால் சரிந்துவிடாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.